மூக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அடைப்பு நிற்கவில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செந்தூல் ஆசிரியை எழுதியது:

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு எனக்கு மூக்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நடுச்சுவர் இடப்பக்கமாக வளைந்திருந்ததை நேராக்கினார்கள்; மூக்கின் உள்பக்கவாட்டில் இருக்கும் டர்பினேட் என்ற சதை இரு பக்கமும் வீங்கியிருந்தது, அதைச் சுருக்கினார்கள். இப்போது பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டது. உள்ளே வைத்திருந்த தகடுகளை எடுத்த பிறகு சில வாரங்கள் மூச்சு எவ்வளவு இலகுவாகப் போனது என்பதை நினைத்தாலே அழுகை வருகிறது. பிறகு மெல்ல மெல்ல மீண்டும் அடைக்கத் தொடங்கியது.

பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவுதான் துன்பம். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது துவாரம் அடைக்கிறது. புரண்டு படுத்தால் சிறிது நேரத்தில் இடது அடைக்கிறது. வாய் வறண்டு எழுகிறேன். எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல். பள்ளியில் ஆசிரியர் அறைக் குளிரிலிருந்து வகுப்பறை வெக்கைக்குப் போனால் மூக்கு ஒழுகுகிறது. மறுபரிசோதனையில் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சுவர் நேராக இருக்கிறது, பொறுத்திருங்கள்" என்றார். எவ்வளவு காலம் பொறுப்பது? சிகிச்சை தோற்றுவிட்டதா? மறுபடியும் கத்தி வைக்கவேண்டி வருமா? சேமிப்பில் பெரும்பகுதி இதற்கே போயிற்று; மனம் ஆறவில்லை.


பட்டர்வொர்த் ஓட்டுநர் எழுதியது:

ஆசிரியை அவர்களே, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் இதே சிகிச்சையைச் செய்துகொண்டவன்தான். இரண்டு தீபாவளி தாங்கவில்லை, பழைய நிலைக்கே வந்துவிட்டது. மூக்கில் கத்தி வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. இப்போது மருந்தகத்தில் கிடைக்கும் ஒரு ஸ்ப்ரேயை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடித்தால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும். இரவு ஓட்டத்தில் அது இல்லாமல் என்னால் இயலாது. நீங்களும் வாங்கிப் பாருங்கள்.


பினாங்குத் தாதி எழுதியது:

தங்கையே, ஜார்ஜ்டவுனில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் சொல்லவேண்டியதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலில் உங்களைப் போலக் கண் கலங்கி நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை தோற்றிருக்கவில்லை. சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை யாரும் உட்கார வைத்து அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கத்தி சரிசெய்வது குருத்தெலும்பையும் எலும்பையும் சதையின் அளவையும். அதன்மேல் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வின் குணத்தை அது மாற்றாது. ஒவ்வாமை உள்ளவருக்குச் சுவர் நேரான பிறகும் அந்தச் சவ்வு வீங்கத்தான் செய்யும். கால்வாயை அகலப்படுத்திவிட்டதால் மழை நின்றுவிடாது அல்லவா? மழைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால், சுருக்கிய டர்பினேட் சில ஆண்டுகளில் மீண்டும் பருப்பதும் உண்டு. ஓட்டுநர் தம்பிக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். ஸ்ப்ரே விஷயத்துக்கு வேறொருவர் பதில் சொன்னால் நல்லது.

இப்போது உங்கள் இரவைப் பற்றி. புரளும் பக்கமெல்லாம் அடைப்பும் மாறுகிறது என்கிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஆரோக்கியமான மூக்கிலும் இரு துவாரங்களும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை இரத்தம் நிரம்பிப் பருக்கும், மறுபக்கம் சுருங்கும், பிறகு மாறும். 1895இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதி வைத்தார். நம்மவர்கள் இடகலை, பிங்கலை என்று சரம் பார்த்ததும் இந்த மாற்றத்தைத்தான். ஒருக்களித்துப் படுக்கும்போது கீழே இருக்கும் துவாரம் அடைவதும் உடலின் இயல்பு. மூக்கில் வீக்கம் இல்லாதவருக்கு இது தெரிவதேயில்லை. வீக்கம் இருக்கும்போதுதான் இந்த இயல்பான ஏற்ற இறக்கம் முழு அடைப்பாக மாறி வதைக்கிறது. ஆகவே தேடவேண்டியது அந்த அடிப்படை வீக்கத்தின் காரணத்தை.

தும்மலும் காலை ஒழுகலும் எனக்கு ஒவ்வாமையைக் காட்டுகின்றன. குளிரிலிருந்து வெக்கைக்குப் போனால் ஒழுகுவது ஒவ்வாமை இல்லாதவருக்கும் வரும். நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருப்பதால் வருவது அது.

கால அளவையும் கேட்டீர்கள். முதல் வாரங்களின் வீக்கமும் பொருக்கும் பெரும்பாலும் 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் அடங்கும். உள்ளே எல்லாம் முழுமையாக ஆறி அமர ஓராண்டு வரைகூட ஆகலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் "தோற்றுவிட்டது" என்று முடிவு கட்டுவது அவசரம். ஆனால் வெறுமனே பொறுத்திருப்பதும் சரியில்லை.

சிலவற்றைச் சொல்லுங்கள். கண், அண்ணம், காது அரிக்கிறதா? மெத்தை எவ்வளவு பழையது? கன்னத்தை விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்தால் மூச்சு சட்டென்று இலகுவாகிறதா? உப்புநீரால் கழுவுகிறீர்களா, எந்தத் தண்ணீரில்?


பிரிக்பீல்ட்ஸ் மருந்தகர் எழுதியது:

தாதி அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஓட்டுநர் அண்ணா, தயவுசெய்து அந்தக் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று எழுதியிருந்தால், உங்கள் மூக்கை இப்போது அடைப்பது பெரும்பாலும் அந்த மருந்துதான்.

இது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. டர்பினேட் முழுவதும் இரத்தக் குழாய்கள்தாம். அதனால்தான் ஐந்தே நிமிடத்தில் திறக்கிறது. மருந்தின் வேகம் குறைந்ததும் அந்தக் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. மீண்டும் அடிக்கிறீர்கள், மீண்டும் விரிகின்றன. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் இதைத் தொடரக்கூடாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் சவ்வே தடித்துப்போகும். எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் வந்து ஒரே குப்பியை வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

ஆசிரியை, நீங்கள் இதை வாங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே வேறு ஸ்ப்ரே கொடுத்திருப்பார்களே?


செந்தூல் ஆசிரியை எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். அண்ணமும் காதும் அரிக்கும். கண் அவ்வளவாக இல்லை. கன்னத்தை இழுத்துப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. மெத்தை என் திருமணத்துக்கு வாங்கியது. தலையணை இலவம்பஞ்சு, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. உப்புநீர் முதல் மாதத்தில் ஒழுங்காகச் செய்தேன், பிறகு எப்போதாவது. தண்ணீர் வடிகட்டியில் பிடிப்பது.

மருந்தகர் தம்பி, மொமெட்டசோன் என்று ஒரு ஸ்ப்ரே கொடுத்தார்கள். அடித்தால் ஒன்றும் திறக்கவில்லை. இரண்டொரு முறை இரத்தமும் வந்தது. அதனால் நிறுத்திவிட்டேன்.


பிரிக்பீல்ட்ஸ் மருந்தகர் எழுதியது:

அக்கா, மொமெட்டசோன் ஸ்டீராய்டு வகை. ஓட்டுநர் அண்ணாவின் மருந்தைப் போல உடனே திறப்பது அதன் வேலையே இல்லை. சவ்வின் அழற்சியை நாளடைவில் தணிப்பதுதான் அதன் வேலை. நாள் தவறாமல் அடித்தால் சில நாள்களில் தணியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அடைத்திருக்கும் அன்று மட்டும் அடித்தால் பயன் கிடைக்காது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவில் மொமெட்டசோன், புளூட்டிக்கசோன் ஆகியவை உடலுக்குள் போவது மிகச் சொற்பம்.

இரத்தம் வருவது பெரும்பாலும் அடிக்கும் முறையால். குப்பியின் முனை நடுச்சுவரைப் பார்த்து இருந்தால், ஒரே இடத்தில் நாள்தோறும் மருந்து பட்டுச் சுவர் வறண்டு கசியும். உங்களுக்கோ அந்தச் சுவர் அறுத்துத் தைத்தது. தலையைச் சற்றே முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். வலது கையால் இடது துவாரத்துக்கு, இடது கையால் வலது துவாரத்துக்கு. முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். மருந்து தொண்டைக்குள் இறங்கும்படி பலமாக உறிஞ்ச வேண்டாம், மெதுவாக மூச்சிழுத்தால் போதும். முதலில் உப்புநீரால் கழுவி, சிறிது நேரம் விட்டு, பிறகு ஸ்ப்ரே. சளியின்மேல் விழுந்த மருந்து சவ்வைத் தொடாது.

இரத்தம் வந்தது என்று மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சுவரில் புண் இல்லை என்று அவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.


பினாங்குத் தாதி எழுதியது:

தண்ணீரைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். வடிகட்டி நீர் குடிக்க நல்லதாக இருக்கலாம். மூக்குக்கு அது போதாது. வயிற்றில் அமிலம் இருக்கிறது, மூக்கின் உச்சியில் அப்படி எந்தக் காவலும் இல்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் வழியாக மூளைக்கு ஏறக்கூடியது. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். மிக மிக அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைப்பது அதைவிட எளிது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் பயன்படுத்துங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரும் ஏற்றது.

ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. எரிந்தால் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. அயோடின் கலக்காத உப்பாக இருக்கட்டும். அளவு பார்க்கத் தயக்கமாக இருந்தால் பொட்டலமாகவே விற்கிறார்கள். ஜலநேதிக் குவளையோ பிழியும் குப்பியோ, எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைக்க வேண்டும். ஈரக் குப்பியில் கிருமி வளரும். சிங்க்கின் மேல் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி ஒரு துவாரத்தில் ஊற்றினால் மறுபக்கம் வழியும். முடிந்ததும் பலமாகச் சிந்தாதீர்கள், காதுக்குள் ஏறும். காலையும் மாலையும் செய்யுங்கள். சைனஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதுதான் பாதி மருத்துவம். பொருக்கு தேங்கினால் கிருமி பிடிக்கும், உள்ளே சுவரும் சதையும் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.


கெப்போங் பாட்டி எழுதியது:

பேத்திகளே, இவ்வளவு மருந்துப் பெயரைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடித்தால் எங்கள் காலத்தில் எந்த அடைப்பும் திறந்தது. படுக்கும் முன் கோடாலித் தைலத்தை நெற்றியிலும் நெஞ்சிலும் தடவுங்கள். தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டிச் சாம்பிராணி காட்டுங்கள்.


பினாங்குத் தாதி எழுதியது:

பாட்டி, தலையை நன்றாகத் துவட்டச் சொன்னது அன்பான வார்த்தை. ஆவி பிடிப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்ல அனுமதியுங்கள். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வாரங்களில் சூடு இரத்தக் குழாயை விரித்துக் கசிவை உண்டாக்கும். அப்போது ஆவி கூடாது. ஆறிய பிறகு பிடிக்கலாம், சற்று நேரம் இதமாக இருக்கும், வீக்கத்தைக் குறைக்காது. கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் குனிந்து தொடை வெந்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மேசைமேல் வைத்துத்தான் செய்ய வேண்டும், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சாம்பிராணிப் புகையையும் ஊதுவத்தியையும் இந்த மூக்கு தாங்காது. சாமி அறையின் கதவைத் திறந்து, புகை அடங்கிய பின் ஆசிரியை உள்ளே போகட்டும்.


பிரிக்பீல்ட்ஸ் மருந்தகர் எழுதியது:

தைலத்தைப் பற்றி ஒன்று. அதிலுள்ள மெந்தால் மூக்கின் பாதையை அகலமாக்குவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, மூளை அதைக் காற்றோட்டமாக எடுத்துக்கொள்கிறது. அந்த நுனிகளில் உள்ள ஏற்பியின் பெயர் டிஆர்பிஎம்8. அதை 2002இல் தனித்தனியாகக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவரும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூச்சு போகிறது என்பதை நாம் அறிவதே அந்தக் குளிர்ச்சியால்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சவ்வு மரத்தும் வறண்டும் இருக்கும் காலத்தில், பாதை திறந்திருந்தாலும் அடைத்ததைப் போலவே தோன்றும். மருத்துவர் "திறந்திருக்கிறது" என்கிறார், நோயாளி "அடைக்கிறது" என்கிறார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். படுக்கும்போது தைலம் தடவிக்கொள்வது ஆறுதல்தான். துவாரத்துக்குள் மட்டும் தடவ வேண்டாம், கைக்குழந்தை அருகில் இருந்தால் தைலமே வேண்டாம்.


பாயான் லெப்பாஸ் இரவுப்பணியாளர் எழுதியது:

எல்லோரும் ஒவ்வாமை பக்கமே சாய்கிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கும் "பொறுங்கள், ஆறிவிடும்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அடைப்பு மாறி மாறி வரவில்லை. எப்போதும் இடப்பக்கம் மட்டும், இரவும் பகலும், எந்த மருந்துக்கும் அசையாமல். தொழிற்சாலையில் முகமூடி அணிந்து நிற்கும் வேலை. மூச்சு முட்டும்போது வரும் பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் வேறொரு நிபுணரிடம் போனேன். அவர் மூக்கை மரக்கச் செய்து, மெல்லிய உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்தார். நடுச்சுவரும் டர்பினேட்டும் உள்ளே ஒட்டி வளர்ந்திருந்தன. கைவிளக்கு மூக்கின் முன்பகுதியைத்தான் காட்டும். அந்த ஒட்டு அதற்குப் பின்னால் இருந்தது. மரப்பு மருந்து கொடுத்துக் கிளினிக்கிலேயே பிரித்து, மறுபடி ஒட்டாதபடி சிறு தகடு வைத்தார். இன்று நன்றாக இருக்கிறேன்.

ஆகவே ஆசிரியை, விளக்கடித்துப் பார்த்தது போதாது. உள்நோக்கி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.


பினாங்குத் தாதி எழுதியது:

தம்பி சொன்னதில் ஒரு வார்த்தை கூட மிகையில்லை. ஒரே பக்கம், எந்நேரமும், மருந்துக்கு மசியாத அடைப்பு என்றால் அமைப்பில் ஏதோ இருக்கிறது. ஒட்டாக இருக்கலாம், சுவர் மீண்டும் சற்று வளைந்திருக்கலாம், பாலிப் எனும் சதை வளர்ச்சி இருக்கலாம், மூக்கின் முன்வாசல் பலவீனமாகி மூச்சிழுக்கும்போது உள்வாங்கலாம். கன்னத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னது அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான். சுவரில் ஓட்டை விழுந்தால் பொருக்கும் இரத்தமும், சிலருக்கு மூச்சு விடும்போது விசில் ஒலியும் வரும்.

காத்திருக்கவே கூடாதவை தனி. சிகிச்சை முடிந்த முதல் நாள்களில் இரு பக்கமும் சட்டென்று அடைத்து வலி ஏறினால் சுவருக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம்; அன்றைக்கே போக வேண்டும். குனியும்போது ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் உப்புச் சுவையோடு சொட்டுவது, கண் வீக்கம், பார்வைக் குறைவு, காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, நிற்காத இரத்தம் இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவு.


கூலிம் மருமகள் எழுதியது:

மூக்கின் பாதை திறந்திருந்தும் மூச்சு போகாததைப் போலத் தவிக்க வைக்கும் வெறுமூக்கு நோய் என்று ஒன்று இருப்பதாகப் படித்துவிட்டுத் தூக்கம் போயிற்று. டர்பினேட்டைச் சுருக்கினால் அது வந்துவிடுமா? என் கணவருக்கு அடுத்த மாதம் பினாங்கில் இதே சிகிச்சை. அவர் குறட்டைக்காகச் செய்கிறார்கள்.


பிரிக்பீல்ட்ஸ் மருந்தகர் எழுதியது:

சகோதரி, அது உண்மையான துன்பம். அனுபவிப்பவர்களை யாரும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக்கூடாது. ஆனால் அரிது. டர்பினேட்டை ஒரேயடியாக வெட்டி எடுத்தவர்களிடம்தான் அது முக்கியமாகப் பேசப்பட்டது. இப்போது பெரும்பாலும் மேற்சவ்வைக் காத்து உள்சதையை மட்டும் சுருக்குகிறார்கள். எவ்வளவு எடுப்பீர்கள், எந்த முறையில் என்று முன்பே கேளுங்கள்.

குறட்டைக்காக என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் தூங்கி வழிகிறாரா? அப்படியானால் தூக்கப் பரிசோதனை வேண்டும். மூக்கை மட்டும் திறப்பது தூக்க மூச்சுத் தடையைப் பொதுவாகத் தீர்ப்பதில்லை.


அம்பாங் தந்தை எழுதியது:

என் மகனுக்கு ஆஸ்துமா. அவனுக்காகக் கற்றதை ஆசிரியைக்குச் சொல்கிறேன். அந்தப் பழைய மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதம் தூசிப்பூச்சிக்குச் சொர்க்கம். கண்ணுக்குத் தெரியாது, நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்று மெத்தைக்குள் பெருகும். அதன் கழிவுதான் ஒவ்வாமை தருவது. குளிர்நாட்டு வகையோடு வெப்பநாட்டுக்கே உரிய புளோமியா டிராபிகாலிஸ் என்ற வகையும் மலேசிய வீடுகளில் மிகுதி. வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது. விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்; குழாய்த் தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகாது. மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி நுழையாத நெருக்க நெசவு உறை போடுங்கள். கம்பளம், தடித்த திரைச்சீலை, கட்டிலடியில் அடுக்கிய பழைய துணி எல்லாம் போகட்டும். ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் பூச்சி பெருகாது. நம் ஊரில் குளிர்சாதனமோ ஈரமகற்றியோ இல்லாமல் அது நடக்காது. குளிர்சாதனத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவவும் மறக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும்.

புகைமூட்டக் காலத்தில் இன்னும் கவனம் தேவை. 2019 செப்டம்பரில் பள்ளிகளையே மூடினார்களே. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் எங்கள் வீட்டில் சன்னல் திறப்பதில்லை, மகனுக்கு வெளியே விளையாட்டும் இல்லை. வெளியே போய் வந்ததும் உப்புநீர்.


பட்டர்வொர்த் ஓட்டுநர் எழுதியது:

மருந்தகர் தம்பி, குப்பியைப் பார்த்தேன். ஆக்சிமெட்டாசோலின்தான். எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு. இதை இன்றே தூக்கிப் போட்டால் இரவு எப்படி வண்டி ஓட்டுவேன்?


பிரிக்பீல்ட்ஸ் மருந்தகர் எழுதியது:

தனியாகத் தூக்கிப் போட வேண்டாம் அண்ணா. மருத்துவரைப் பார்த்து ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்குங்கள். அது பிடிக்கத் தொடங்கியதும் பழைய மருந்தை ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். மறுபக்கம் திறந்திருப்பதால் மூச்சு முட்டாது. நிறுத்திய பக்கம் தானாகத் திறந்ததும் அடுத்ததையும் நிறுத்துங்கள். முதல் வாரம் கடுமையாக இருக்கும், பிறகு தளரும். முடிந்தால் அந்த வாரம் பகல் ஓட்டம் கேளுங்கள், தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். அடைப்புக்கென்று மாத்திரை எதையும் நீங்களாக வாங்காதீர்கள். சூடோஎபிட்ரின் உள்ளவை அழுத்தத்தை ஏற்றும்.


செந்தூல் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உள்நோக்கி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. திரையில் எனக்கும் காட்டினார். ஒட்டு இல்லை, ஓட்டை இல்லை, சுவர் நேராகவே இருக்கிறது. டர்பினேட் மட்டும் வெளிறிப் பருத்து ஈரமாக இருந்தது. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் தூசிப்பூச்சிக்குப் பெரிய தடிப்பு எழுந்தது.

மொமெட்டசோனைச் சரியான முறையில் மறுபடி தொடங்கியிருக்கிறேன்; இரவில் ஒவ்வாமை மாத்திரையும் உண்டு, தூக்கக் கலக்கம் தராத வகை. மெத்தை போய்விட்டது. அம்மாவின் தலையணையைக் கொடுக்க மனமில்லாமல் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு உறையை வைத்துக்கொண்டேன். இரவில் இன்னும் ஒரு பக்கம் அடைக்கிறது. ஆனால் வாய் வறண்டு எழுவது குறைந்திருக்கிறது. இதுவும் போதாவிட்டால் ஒவ்வாமை தரும் பொருளுக்கு உடலை மெல்லப் பழக்கும் சிகிச்சை உண்டு, மூன்று ஆண்டாவது தொடர வேண்டும் என்றார். மறுபடி கத்தி என்ற பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

ஒரு கேள்வி. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா?


பினாங்குத் தாதி எழுதியது:

தாராளமாக எடுங்கள். பாரம் தூக்கக் கூடாத ஆரம்ப வாரங்கள் எப்போதோ கடந்துவிட்டன. வெயில் ஏறும் முன் புறப்படுங்கள், புகை அடர்ந்த இடத்தில் நிற்காதீர்கள், வீடு திரும்பியதும் மூக்கைக் கழுவுங்கள். விரதத்திலும் ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டாம்.


புக்கிட் மெர்தாஜாம் மைத்துனர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அக்காவின் கணவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் மூக்கில் சிகிச்சை நடந்தது. இப்போது சில மாதங்களாக வலப்பக்கம் மட்டும் அடைப்பு, வலது காதும் அடைத்தே இருக்கிறது. காலையில் சளியைக் காறித் துப்பினால் இரத்தம் கலந்து வருகிறது. பழைய சிகிச்சையின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு உப்புநீர் மட்டும் விடுகிறார். கழுத்தில் ஒரு கட்டியும் தெரிகிறது, வலி இல்லை என்கிறார்.


பினாங்குத் தாதி எழுதியது:

தம்பி, இதைப் பழைய சிகிச்சையோடு சேர்த்துப் பேசாதீர்கள். ஒரு பக்க அடைப்பு, அதே பக்கக் காதடைப்பு, சளியில் இரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி இவை ஒன்றாக வந்தால் மூக்குக்குப் பின்னால் தொண்டை மேற்பகுதியைப் பார்த்தாக வேண்டும். அங்கே வரும் புற்றுநோய் நம் நாட்டில் அரிதானது அன்று. சீனரிடம் அதிகம், ஆனால் மற்றவர்களுக்கு வராது என்று இல்லை. தொடக்கத்தில் கண்டால் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். வேறு காரணமாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். நாளைக் காலை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே கட்டணம் சொற்பம்தான். செலவுக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. எனக்குச் சொன்ன நான்கையும் அவர்களிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள், கடிதத்தில் "அவசரம்" என்று எழுதச் சொல்லுங்கள்.


புக்கிட் மெர்தாஜாம் மைத்துனர் எழுதியது:

அக்காவிடம் இப்போதே பேசிவிட்டேன். அத்தான் முதலில் மறுத்தார், பிறகு சரி என்றார். காலையில் நானே அழைத்துப் போகிறேன்.


பினாங்குத் தாதி எழுதியது:

நல்லது தம்பி. பழைய சிகிச்சையின் அறிக்கை, ஸ்கேன் படம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளை உறையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள்.